அந்தப் பெட்டிச் செய்தியில் எங்கள் வீடு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த 2024 மார்ச் மாதக் கடைசியில் கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்திருந்தது. அதன் நடுவில் ஒரு பெட்டிச் செய்தி. மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20 என்று 2011 மக்கள்தொகைக் கணக்கைப் போட்டிருந்தீர்கள். கீழே, எந்தச் சமுதாயத்து ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று நான்கு வரி. 2019இல் வந்ததும் இதே பெட்டி. 2014இல் வந்ததும் இதேதான். இருபத்தைந்து வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறேன். வேண்டியதைக் கத்தரித்து வைக்கும் பழக்கமும் உண்டு. மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தேர்தல்தான் முடிந்துவிட்டதே, காங்கிரசின் விஜய் வசந்த் 1,79,907 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தும்விட்டார், இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று தோன்றலாம். ஜூன் 12ஆம் தேதி பகல் பதினொன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரை நானும் என் வீட்டுக்காரியும் இருந்த இருப்பு அப்படி. அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் திற்பரப்பு பக்கத்தில் 80 சென்ட் ரப்பர் விளை, அதாவது தோட்டம், வைத்திருக்கிறேன். வயது 63. மரம் 150 இருக்கும். கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. வெள்ளனே மூன்றரை மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு நானேதான் இறங்கிப் பால் வெட்டுகிறேன். வீட்டுக்காரி அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக் கொட்டை உடைக்கும் ஆலைக்கு, வேலைக்குப் போகிறாள். ஒரே மகன் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்.

எங்கள் குடும்பம் இந்த மாவட்டத்தில் பல குடும்பங்களைப் போலத்தான். அப்பா ஒரு வீடு, பெரியப்பா ஒரு வீடு, நடுவில் மதில்கூடக் கிடையாது. ஒரு வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபைக்குப் போவார்கள். இன்னொரு வீட்டார் மாசி மாதம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போவார்கள். கல்யாணம், சாவு என்றால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பார்கள். இதில் நான் எந்த வீட்டுப் பிள்ளை என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எம்.பி.யாக இருந்த நேசமணி மறைந்தபின் 1969இல் நாகர்கோவில் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்து காமராஜர் நின்றபோது எனக்கு எட்டு வயது. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே சைக்கிளில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். வரும் வழியில் வாங்கிய முறுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவர் கலவரம் வந்து துப்பாக்கிச் சூடு வரை போனபோது எனக்கு 21. கடற்கரையில் பிடித்தது மலைப் பக்கமும் வந்துவிடும் என்று பயந்து, இரண்டு வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் படுத்தார்கள். அப்பாவும் பெரியப்பாவும் முற்றத்தில் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதன்பிறகு வந்த தேர்தல்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. 1984இல் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணிக்காரர் ஜெயித்தார். 1996இல் அதே தொகுதியிலிருந்துதான் பா.ஜ.க.வின் முதல் உறுப்பினர் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குப் போனார். இந்தப் பக்கத்தில் சபைக் கூட்டங்களிலும் யாருக்கு ஓட்டு என்ற பேச்சு ஏறிக்கொண்டே வந்தது. யார்மேல் தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பயம் இரண்டு பக்கமும் மெய்யாகவே இருந்தது. முற்றத்தில் கட்டில் கிடந்த ராத்திரியை நான் கண்ணால் கண்டேன். 42 வருடமாகத் தேர்தல் வரும்போதெல்லாம் அந்தப் பயத்தைத்தான் எங்களிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். அதுதான் என் வருத்தம்.

இந்தத் தடவை நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் முதல் வாரம் ஒரு கட்சிக்காரப் பையன்கள் வந்தார்கள். பெயர் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். பெரியப்பா வீட்டில், அதாவது இருபது அடி தள்ளி, வேறு நோட்டீஸ் கொடுத்தார்கள். கட்சி ஒன்று, சின்னம் ஒன்று, வேட்பாளர் ஒருவர். ஒன்றில் கோயில் காரியம், இன்னொன்றில் சபைக்கு வரப்போகும் ஆபத்து. சாயங்காலம் பெரியப்பா மகன் தன் கையில் உள்ளதை எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டையும் திண்ணையில் வைத்து வாசித்தோம். இரண்டிலும் ரப்பர் இல்லை. அண்டி ஆபீஸ் இல்லை. குவைத்தும் இல்லை.

அந்தப் பையன்களில் ஒருவனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "மக்களே, ரப்பர் இறக்குமதி வரியப் பத்தி உங்க ஆளு என்ன சொல்லுதாரு?" என்று கேட்டேன். "அதெல்லாம் டெல்லில உள்ள காரியம் மாமா" என்றான். "டெல்லிக்குப் போறதுக்குத்தானே ஓட்டு கேக்குதிய?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. அவன் வேண்டுமென்று மறைக்கவில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

என் விளையில் வருடத்துக்கு 400 கிலோ ஷீட், அதாவது பாலை உறைய வைத்து உலர்த்திய ரப்பர், கிடைத்தால் நல்ல வருடம். 2011இல் நான்காம் தர ஷீட் கிலோ 240 ரூபாய் வரை போனது. அந்த வருடம்தான் வீட்டின் ஓட்டுக் கூரையை மாற்றி கான்கிரீட் போட்டோம். 2016 தொடக்கத்தில் அதே ஷீட் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. அந்த நாட்களில் பல பேர் வெட்டுவதையே நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்து விளையில் காடு ஏறி, பால் பிடிக்கும் சிரட்டையெல்லாம் மரத்திலேயே கிடந்து உளுத்தது. என் உழைப்பு அந்த ஐந்து வருடத்தில் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் ரப்பர் பெருகியது, சீனா வாங்குவது தளர்ந்தது, கச்சா எண்ணெய் விலை விழுந்ததால் செயற்கை ரப்பரும் மலிந்தது. குலசேகரம் ரப்பர் கடையில் என் ஷீட்டுக்கு எழுதும் விலை அங்கேயெல்லாம் போய்விட்டுத்தான் வருகிறது.

இதில் அரசாங்கத்தின் கையில் இருப்பது இறக்குமதி வரி. உலர்ந்த ரப்பருக்கு 25 சதவீதம், அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது. அதாவது வெளிநாட்டு ரப்பர் 200 ரூபாய்க்கு வந்தால் 25 சதவீதக் கணக்கில் 50 ரூபாய் வரி வர வேண்டும். 30 ரூபாயோடு முடிந்துவிடும். சரி, 25ஐயே கூட்டுவோம் என்றால், உலக வர்த்தக அமைப்பில் இந்தியா அதற்கு மேல் போவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆசியான் நாடுகளோடு 2009இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ரப்பரை விலக்குப் பட்டியலில் வைத்தார்கள், அது நல்லது. ஆனால் ரப்பரோடு வேறு சாமான் கலந்த 'காம்பவுண்ட் ரப்பர்' வேறு வழியில் வருகிறது. 2023 பட்ஜெட்டில் அதற்கு இருந்த 10 சதவீத வரியை ஏற்றி, உலர்ந்த ரப்பருக்கு உள்ள அதே 25 சதவீதம் அல்லது 30 ரூபாய்க் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். ஆசியான் ஒப்பந்தச் சலுகையில் உள்ளே வருவதை அந்த உயர்வு தொடாது. இத்தனையும் டெல்லி பிற நாடுகளோடு உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போடும் காரியங்கள். 80 சென்ட்காரனுக்கு வெளியுறவுக் கொள்கை என்பது இதுதான்.

2023 மார்ச்சில் தலச்சேரி கத்தோலிக்கப் பேராயர் ஜோசப் பாம்பிளானி, ரப்பருக்குக் கிலோ 300 ரூபாய் தருவதாக மத்திய அரசு உறுதி சொன்னால் கேரளத்திலிருந்து எம்.பி. இல்லை என்ற பா.ஜ.க.வின் குறையைத் தீர்த்துத் தருவோம் என்று கண்ணூர் பக்கத்தில் பேசினார். அவர் கேட்ட விலையை நானும் கேட்கிறேன். மலையோரக் குடும்பங்களின் கஷ்டம் தெரிந்துதான் பேசியிருக்கிறார். ஆனால் விசுவாசிகளின் ஓட்டை மொத்தமாக வைத்துப் பேரம் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. மடாதிபதி பேசினாலும் இமாம் பேசினாலும் இதையேதான் சொல்வேன். அதைவிட வருத்தம், அதற்குப் பிறகு நடந்தது. நான் பார்த்த டிவி விவாதமெல்லாம் சபை பா.ஜ.க. பக்கம் சாய்கிறதா என்பதைப் பற்றியே இருந்தது. 300 ரூபாய் என்றால் வரியை எவ்வளவு ஏற்ற வேண்டும், எந்த ஒப்பந்தம் குறுக்கே நிற்கும், டயர் கம்பெனி என்ன சொல்லும் என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்க்கவில்லை. உங்கள் பத்திரிகையிலும் வரவில்லை.

இந்த 2024 ஜூனில் ரப்பர் 200ஐத் தொட்டிருக்கிறது. தேர்தலில் ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் இதற்கு ஒன்றும் செய்யவில்லை. செங்கடலில் கப்பல்களைத் தாக்குகிறார்கள், கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன, கன்டெய்னர் கிடைக்கவில்லை, வெளிநாட்டு ரப்பர் வந்து சேரத் தாமதம். அதனால் இங்கே உள்ளதை வாங்குகிறார்கள். ஆனால் இது மழைக்காலம். மழைநீர் படாமல் மரத்தில் பிளாஸ்டிக் பாவாடை கட்டாதவர்கள் வெட்ட முடியாது. விலை இருக்கும்போது பால் இல்லை. நாளைக்குக் கப்பல் வந்துவிட்டால் விலை இறங்கும். கேரளத்தில் இந்த 2024 கணக்குப்படி சந்தை விலை 180க்குக் கீழே போனால் மிச்சத்தை மாநில அரசு தருகிறது. இந்த வருட பட்ஜெட்டில்தான் 170ஐ 180 ஆக்கினார்கள். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையில் இருப்பவனுக்கு அது உண்டு. எனக்குக் கிடையாது. இது சென்னை பார்க்க வேண்டிய காரியம் என்று தெரியும். இருந்தாலும் எல்லைக்கு இந்தப் பக்கம் அதே மரத்தை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்லி வைக்கிறேன்.

வீட்டுக்காரியின் அண்டி ஆபீஸ் கதையும் வேறில்லை. தோடு உடைக்கும் கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும். இப்போது வியட்நாம்காரனும் அதே கொட்டையை அங்கே போய் வாங்குகிறான். முன்பு வாரம் ஆறு நாள் வேலை. இப்போது மூன்று நாள் வந்தால் அதிர்ஷ்டம்.

2016இன் விலைதான் என் மகனை அனுப்பியது. ஐ.டி.ஐ. படித்துவிட்டு இங்கே மூன்று வருடம் பார்த்தான். 2019இல் ஒரு ஏஜென்ட் மூலம் விசா வந்தது. அரசு பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எங்களிடம் வாங்கியது 1,20,000. ரசீது 30,000க்கு மட்டும். ரசீதைக் காட்டிக் கேட்டேன். "அவன அனுப்பணுமா வேண்டாமா?" என்று திருப்பிக் கேட்டார். அனுப்பினேன். வீட்டுக்காரியின் செயின் இன்னும் பேங்கில்தான் கிடக்கிறது. கிலோ 200 விற்பதற்கும் 100 விற்பதற்கும் என் விளையில் வித்தியாசம் வருடத்துக்கு 40,000 ரூபாய். அந்த ஏஜென்டுக்குக் கொடுத்தது அப்படி மூன்று வருடத்துப் பணம்.

இந்த ஜூன் 12 காலையில் குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது உங்களுக்குத் தெரியும். என் மகன் இருப்பதும் மங்காஃபில்தான். பகல் பதினொன்றரைக்கு டிவியில் ஊர் பெயரைச் சொன்னார்கள். கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். அவனோடு ஒரே அறையில் இருப்பவன் எங்கள் மாவட்டக் கடற்கரை ஊரான தூத்தூர் பையன். அவனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசாமல் அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். சிலர் ஜெபித்தார்கள், சிலர் நேர்ந்தார்கள். மூன்று மணிக்கு போன் வந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். எரிந்தது அவனுடைய இடத்திலிருந்து மூன்று தெரு தள்ளி.

14ஆம் தேதி விமானப்படை விமானத்தில் 45 இந்தியர்களின் உடல்கள் வந்தன. கொச்சியில் 31 பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்தார்கள். கேரளத்துக்கு 23, தமிழ்நாட்டுக்கு 7, கர்நாடகத்துக்கு 1. டிவியில் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இரண்டு வீட்டிலும் அன்று யாரும் சாப்பிடவில்லை.

இப்போது சொல்லுங்கள். இந்த மாவட்டத்தில் குவைத், சவூதி, பஹ்ரைன், கத்தார், ஈரான் என்று பிள்ளைகளை அனுப்பியிருக்கும் வீடுகள் எவ்வளவு என்று உங்கள் நிருபருக்கே தெரியும். ஒரு அறையில் எத்தனை பேரைப் படுக்க வைக்கிறார்கள், கம்பெனி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தால் யாரிடம் போவது, 1,20,000 வாங்கும் ஏஜென்டை யார் பிடிப்பது, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான 1983ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டத்தை மாற்ற 2021இல் போட்ட வரைவு என்ன ஆனது? ஏப்ரலில் எங்கள் ஜங்ஷனில் நின்று மைக் பிடித்தவர்களில் ஒருவர்கூட இதைப் பேசவில்லை. பேசக் காரணமும் இல்லை. என் மகனுக்கு ஓட்டு இருந்தும் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று 2010இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும். வந்து போகும் டிக்கெட்டுக்கு அவனுடைய ஒரு மாதச் சம்பளம் போதாது.

வெளிநாட்டு விஷயத்தைத் தேர்தலில் யாரும் பேசவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கச்சத்தீவைப் பேசினார்கள். மார்ச் 31இல் பிரதமர் எழுப்பினார், மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பேட்டி கொடுத்தார், தி.மு.க.வும் காங்கிரசும் பதில் சொல்லின. அந்தத் தீவை இலங்கைக்குக் கொடுத்த 1974 ஒப்பந்தத்தால் ராமநாதபுரத்து மீனவர்கள் படும் பாடு மெய்யானது. அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் 1976 மார்ச் 23இல் அடுத்த ஒப்பந்தமும் கடிதங்களும் வந்ததே, கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன் கொழிக்கும் வாட்ஜ் பேங்க் கடல் இந்தியாவுக்கே உரியது என்று அதில்தான் எழுதினார்கள். இலங்கைப் படகுகள் ஆறு மட்டும் மூன்று வருடத்துக்கு வரலாம், பிறகு கிடையாது. அந்த மூன்று வருடத்துக்குள் இந்தியா அங்கே பெட்ரோலியம் தேட முடிவு செய்தால் இலங்கைப் படகுகள் அந்த இடத்தை விட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தக் கடல் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் வலை போடும் கடல். எங்கள் தொகுதியில் ஓட்டுக் கேட்டவர்கள் 1974ஐ மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். இதை எனக்குச் சொன்னது அந்தத் தூத்தூர் பையனின் அப்பா. போனில் அரைமணி நேரம் விளக்கினார்.

அவர் இன்னொன்றையும் சொன்னார். 2012 பிப்ரவரியில் இத்தாலிக் கப்பலில் இருந்த கடற்படைக்காரர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் செத்தார்களே, அதில் ஒருவர் எங்கள் மாவட்டம். 2014 தேர்தலில் அந்த வழக்கு மேடை ஏறியது. யாருடைய பிறந்த நாடு இத்தாலி என்று பேசுவதற்கு அது உதவியது. வழக்கு சர்வதேச நடுவர் மன்றம் வரை போய், 2021 ஜூனில்தான் உச்ச நீதிமன்றத்தில் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு முடிந்தது. ஒன்பது வருடம். நடுவில் வந்த 2019 தேர்தலில் அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று என்று எங்கள் பக்கம் யாரும் பேசிக் கேட்கவில்லை என்றார்.

மே 30 முதல் ஜூன் 1 வரை பிரதமர் விவேகானந்தர் பாறையில் தியானத்தில் இருந்தார். அது அவருடைய நம்பிக்கை, அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த மூன்று நாளும் நாடே கன்னியாகுமரியைப் பார்த்தது. பாறையைக் காட்டிய கேமராக்களில் ஒன்று வடமேற்கே ஐம்பது கிலோமீட்டர் போல ஏறி வந்திருந்தால், விலை ஏறியும் மழையில் வெட்ட முடியாமல் நிற்கும் மரங்களைக் காட்டியிருக்கலாம் என்று அன்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

என் வேண்டுகோள் உங்களிடம்தான். கட்சிகள் எங்களை எண்ணுவது அவர்கள் தொழில். நீங்களும் ஏன் அதே கணக்கை எண்ணிப் போட வேண்டும்? புதிய நாடாளுமன்றம் இந்த 2024 ஜூன் 24ஆம் தேதி கூடுகிறது. எங்கள் எம்.பி. இந்த ஐந்து வருடத்தில் ரப்பர் இறக்குமதியைப் பற்றியும் வளைகுடாத் தொழிலாளர் ஒப்பந்தங்களைப் பற்றியும் வாட்ஜ் பேங்க் பற்றியும் எத்தனை கேள்வி கேட்கிறார், என்ன பதில் வருகிறது என்று மாதம் ஒரு பெட்டி போடுங்கள். அதே அளவுப் பெட்டி போதும். எதிர்க்கட்சிக்காரர் என்பதால் கேள்விதான் கேட்க முடியும் என்றால், கேட்கட்டும். தோற்ற கட்சிகளின் மாவட்டத் தலைவர்களிடமும் போய் அதே மூன்றையும் கேளுங்கள். டெல்லியில் ஆட்சியில் இருப்பது அவர்களில் ஒருவரின் கட்சி, அவர்களால் நேராகவே போய்ச் சொல்ல முடியும். 2029இல் தொகுதியைப் பற்றி அரைப் பக்கம் எழுதும்போது அந்தப் பெட்டிகளையெல்லாம் சேர்த்துப் போடலாம்.

கடைசியாக, பெயர் விஷயம். முழுப் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் தயவுசெய்து அச்சில் போட வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் பெயரைப் பார்த்த உடனே கடிதத்தைப் பாதிப் பேர் ஒரு மாதிரியும் பாதிப் பேர் வேறு மாதிரியும் வாசிக்கத் தொடங்குவார்கள். ரப்பர் வரியைப் பற்றி நான் எழுதியது அங்கேயே நின்றுபோகும். கீழே உள்ளபடி போட்டால் போதும்.

இப்படிக்கு,
80 சென்ட் ரப்பர் விவசாயி,
திற்பரப்பு, கன்னியாகுமரி மாவட்டம்.
20.06.2024